மூன்று அணிகள் போதும் என்றார்கள்!

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று சொல்பவர்கள் எங்கும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அரசியலே மைதானத்துக்குள் புகுந்து, வெள்ளையர் ஒரு பக்கம், கருப்பர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்தால் என்ன செய்வது? இதற்கு 1957-ம் ஆண்டிலேயே ஆப்பிரிக்கக் கால்பந்து உலகம் விடை சொல்லிவிட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் முதலாவது ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி நடந்தது. சூடான் சுதந்திரம் பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது நடந்த படையெடுப்பு முடிந்து மூன்று மாதம்தான். கண்டத்தின் பெரும்பகுதி அந்நியர் ஆட்சியில் இருந்தது. ஆப்பிரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தைத் தொடங்க முன்வந்தவை எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென் ஆப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகள்தான்.

நான்கு அணிகள், இரண்டு அரை இறுதி, ஒரு இறுதி ஆட்டம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தென் ஆப்பிரிக்கா அதைக் கெடுத்தது. வெள்ளையர் அணி வேண்டுமா, கருப்பர் அணி வேண்டுமா? ஏதாவது ஒன்றைத்தான் அனுப்புவோம், கலந்து அனுப்ப மாட்டோம் என்றது. மற்ற மூன்று நாடுகளும் இதை ஏற்கவில்லை. தென் ஆப்பிரிக்கா இல்லாமலே போட்டி நடந்தது.

நடந்தவை இரண்டே ஆட்டங்கள்! எகிப்து 2-1 என்று சூடானை வென்றது. தென் ஆப்பிரிக்காவுடன் மோத வேண்டிய எத்தியோப்பியா ஆடாமலே இறுதிக்கு வந்தது. அங்கே எகிப்து 4-0 என்று வென்றது. நான்கு கோலையும் போட்டவர் அத்-திபா என்ற ஒரே வீரர்!

இந்த வருடம் கருப்பர் அணியே வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சமாதானம் பேசியிருக்கலாம். போட்டியும் களைகட்டியிருக்கும். ஆனால் நிறவெறிக்கு அது ஒரு நற்சான்றாகவும் ஆகியிருக்கும்.

ஒன்றுமறியாத ஆட்டக்காரர்களையும் சேர்த்துத் தண்டிப்பதா என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களைத் தண்டித்தது யார்? 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகளும் அங்கே பந்து ஆடினார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் தேசிய அணியின் கதவு அவர்களுக்கு மூடியே இருந்தது. மூடியது கார்ட்டூம் அல்ல. அவர்களுடைய சொந்த நாட்டு அரசு.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா தேறியது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் நல்ல ஆட்டத்தில் இருந்தார்கள். எதிரே நின்றது தென் ஆப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. இழப்பு பெரிதுதான். ஆனால் வெட்கப்பட வேண்டிய இழப்பு அல்ல.

1976-ல் உலகக் கால்பந்துச் சம்மேளனமும் தென் ஆப்பிரிக்காவை வெளியேற்றியது. நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்த பின், 1996-ல் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி ஜோகன்னஸ்பர்க்குக்கே வந்தது. வெள்ளையரும் கருப்பரும் ஒரே அணியில் ஆடினார்கள். மண்டேலா பார்த்திருக்க, துனீசியாவை 2-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள்.

2019-ல் அந்தப் போட்டியில் 24 அணிகள் ஆடின. கார்ட்டூமில் ஆடியவை மூன்றே மூன்று. அன்று நான்காவது அணிக்காகக் கொள்கையை விட்டிருந்தால், 1996-ன் வெற்றிக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்குமா?