என்ஜின் மாறுதாம்! யாரு மக்கா சொன்னா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் பேரன் பிளஸ் டூ படிக்கிறான். போன வாரம் மஸ்கட்டில் இருக்கும் அவன் அப்பாவிடம் போனில் ஒரே கெஞ்சல். ஈஏ கம்பெனியின் கால்பந்து கேம், முன்பு ஃபிஃபா என்று இருந்ததே, அது அன்ரியல் என்ஜினுக்கு மாறப்போகிறதாம். இப்போதுள்ள கம்ப்யூட்டரில் ஓடாதாம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம்.

"யாரு மக்கா சொன்னா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்லுகாவ தாத்தா."

முப்பது வருஷம் வகுப்பில் நான் ஒத்துக்கொள்ளாத பதில் இது. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தேன். சொன்னவர் பெயர் இல்லை, தேதி இல்லை, கம்பெனி அறிக்கை இல்லை. ஒரே ஆதாரம், அன்ரியல் தெரிந்தவர்கள் வேலைக்குத் தேவை என்று ஒரு விளம்பரமாம். பள்ளிக்கூடத்தில் ஒரு மலையாள டீச்சரைப் போட்டால் பள்ளிக்கூடமே மலையாள மீடியம் ஆகிவிடுமா?

கேம் என்ஜின் என்பது, மைதானத்தையும் ஆட்களையும் திரையில் வரைந்து, பந்து எப்படி எழும்ப வேண்டும் என்று கணக்குப் போடும் அடிப்படை மென்பொருள். குளச்சலில் வள்ளத்து என்ஜினைக் கழற்றி வேறொன்று மாட்டுவது போல ஒரு நாள் வேலை அல்ல. அதை நம்பி எழுதியதையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒரு கேம் விற்கும் கம்பெனிக்கு இது லேசுப்பட்ட காரியமா? ஃபிராஸ்ட்பைட் ஈஏயின் சொந்தச் சரக்கு. அன்ரியல் எபிக் கம்பெனியுடையது. சொந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போவதென்றால் காரணம் வேண்டாமா?

மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. மாறியதும் உண்டு. ஃபிஃபா 17 ஃபிராஸ்ட்பைட்டுக்கு மாறியதை 2016-இல் ஈஏயே அறிவித்தது. ஜப்பானின் கொனாமி, பெஸ் கேமை ஃபாக்ஸ் என்ஜினிலிருந்து அன்ரியலுக்கு மாற்றப்போவதாக 2020 ஜூலையில் தானே சொன்னது. அந்த வருஷம் புது கேம் போடாமல், பழையதைத்தான் புதுப்பித்து விற்றது. 2021 செப்டம்பர் 30-இல் ஈஃபுட்பால் வந்தது. என்ன நடந்தது? ஆட்டக்காரர்கள் முகமெல்லாம் கோணல். ஸ்டீம் தளத்தில் ஏச்சு மழை. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. சரிசெய்த 1.0 பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. ஆக, என்ஜின் மாறினால் எல்லாம் நன்றாகிவிடும் என்பதும் சும்மா பேச்சு.

நானும் யோக்கியன் இல்லை. பழைய பென்ஷன் வந்தாச்சு என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பி, அசடு வழிந்தவன்தான். நாம் ஆசைப்படும் செய்தியைத்தான் சீக்கிரம் நம்புகிறோம்.

அதனால் பிள்ளைகளே, எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? அதில் அவனுக்கு என்ன லாபம்? வீடியோ போட்டவனுக்குப் பார்வைக்குப் பார்வை காசு. நாற்பதாயிரம் போவது, வெயிலில் நிற்கும் ஒரு தகப்பனுக்கு.

கம்பெனி அறிவிக்கட்டும், அப்போது பார்க்கலாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். பேரன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, வளைகுடாவில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால் போதும்.