தண்ணி குடிக்காதே கண்ணு

டிஸ்கி: இது ஒண்ணுக்குப் போறதைப் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க. "பொம்பளைங்க சமாச்சாரம்"னு நழுவப் பாக்குற ஆண் பதிவர்கள் கண்டிப்பா கடைசி வரைக்கும் படிக்கணும் :-)

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் மகளோட ஸ்கூல் பையைத் தூக்கினேன். காலையில இருந்த அதே கனம். தொறந்து பார்த்தா தண்ணி பாட்டில் கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு. ஆறாங்கிளாஸ் படிக்கிறா. வெயில் என்னமா அடிக்குது, காலையில எட்டரையிலிருந்து நாலு மணி வரைக்கும் ஒரு வாய் கூடவா குடிக்கலைன்னு கத்தினேன். அவ ரொம்ப அமைதியா சொன்னா: "குடிச்சா போகணும்மா. அங்க போக முடியாது."

சரி, ஸ்கூல்ல நாளைக்குப் போய்க் கேக்கலாம்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்ததைப் போட்டா பாருங்க. "நீதானேம்மா சொல்லுவ, ஊருக்குப் போறப்ப தண்ணி குடிக்காதே கண்ணுன்னு."

வாயடைச்சுப் போச்சு. சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவை பஸ் ஏறும்போதும் சொல்லியிருக்கேன். எங்கம்மா எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொல்லியிருக்கேன். எங்க ஆச்சி காலத்துல வீட்டுல கக்கூஸ் கிடையாது, விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை, இருட்டினப்புறம் ஒரு தடவை, அவ்வளவுதான். நடுவுல வந்தா அடக்கணும். அம்மா காலத்துல வீட்டுக்குள்ள வந்துடுச்சு, ஆனா வெளியில கிளம்பினா அதே கதை. "மதுரையிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரு தடவை கூட இறங்கலை"ன்னு அம்மா பெருமையா சொல்லுவாங்க. நானும் பெருமையாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நகையும் பட்டுப்புடவையும் தர்ற மாதிரி இதையும் தலைமுறை தலைமுறையா கொடுத்துக்கிட்டு வர்றோம்.

இதுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிடறேன். கல்யாணத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த முதல் ஆபீஸ்ல ஒரே ஒரு டாய்லெட். அதுவும் முதலாளி ரூமைத் தாண்டிப் போகணும். அவர் யாரோடயாவது பேசிக்கிட்டு இருப்பார், அந்த ஆள் முன்னாடி கதவைத் தொறந்துக்கிட்டு உள்ள போறதுன்னா உயிர் போயிடும் எனக்கு. ஆம்பளைங்க எல்லாம் கீழே டீக்கடைக்குப் போற சாக்குல காம்பவுண்டு சுவரைப் பார்த்துக்குவாங்க. நானும் இன்னொரு பொண்ணும் காலையில காபியை நிறுத்தினோம், அப்புறம் தண்ணியையும் குறைச்சோம். ஆறு மாசம் ஓடிச்சு.

அப்புறம் ஒரு நாள் எரிச்சல். சொட்டு சொட்டா வருது, வந்து முடிஞ்ச அடுத்த நிமிஷமே மறுபடி வர்ற மாதிரி இருக்கு, அடிவயிறு கனக்குது. வீட்டுல "சூடு பிடிச்சுக்கிச்சு"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. வெந்தயம், இளநீர், பார்லிக் கஞ்சி, தொப்புள்ல விளக்கெண்ணெய், கால் கட்டைவிரல்ல சுண்ணாம்பு. எல்லாம் ஆச்சு. (இளநீரையும் பார்லியையும் குறை சொல்ல மாட்டேன், உள்ள தண்ணி போகுதே. சுண்ணாம்புதான் என்ன பண்ணுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை!) அப்புறம் மெடிக்கல் ஷாப்ல நிலைமையைச் சொல்லாம சொல்லி மாத்திரை வாங்கினேன். ரெண்டு நாள்ல சரியாச்சு, மீதியைத் தூக்கிப் போட்டுட்டேன். மூணே வாரம். மறுபடி வந்துச்சு, இந்தத் தடவை முதுகுல விலா எலும்புக்குக் கீழே வலி, தூக்கிப் போடற மாதிரி குளிர்க் காய்ச்சல். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டாங்க.

அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறே?" "ரெண்டு"ன்னேன். பேனாவைக் கீழே வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க.

அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. பொம்பளைங்களுக்கு மூத்திரக்குழாய் நீளம் கிட்டத்தட்ட 4 செண்டிமீட்டர்தான். ஆம்பளைங்களுக்கு 20 செண்டிமீட்டர் பக்கம். குடல்ல சும்மா இருக்கிற ஈ.கோலைங்கிற கிருமி ஆசனவாய்ப் பக்கத்துலேருந்து ஏறி வர்றதுக்கு நமக்கு நாலே செண்டிமீட்டர் தூரம். நாம போற ஒவ்வொரு தடவையும் அது கழுவி வெளியே தள்ளப்படுது. குடிக்காம, போகாம இருந்தா அதுக்கு உள்ள உக்காந்து பெருகறதுக்கு நேரம் கிடைக்குது. கழுவுறதும் துடைக்கிறதும் முன்னாலேருந்து பின்னால போகணும், பின்னாலேருந்து முன்னால வரக்கூடாது. இதை எனக்கு இருபத்திமூணு வயசு வரைக்கும் யாரும் சொல்லித் தரலை. கோலம் போடச் சொல்லித் தந்தாங்க. யூரின் கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், ஆனா எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு அதுலதான் தெரியும். டாக்டர் எத்தனை நாளைக்கு எழுதறாங்களோ அத்தனை நாளும் மாத்திரையை முழுங்கணும். நான் பண்ண மாதிரி பாதியில நிறுத்தினா கிருமி முழுசா போகாது, மிஞ்சினது மருந்துக்குப் பழகிடவும் வாய்ப்பு இருக்கு.

மாசமா இருக்கிறவங்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேணும். அந்த நேரத்துல குழாய்கள் தளர்ந்து சிறுநீர் மெதுவா இறங்கும், எரிச்சலே இல்லாமக் கூட கிருமி இருக்கலாம், விட்டா குறைமாசப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். அதான் செக்கப் போறப்ப அந்தச் சின்ன டப்பாவைக் கையில கொடுக்கிறாங்க.

பிரசவத்துக்கு அப்புறம் வர்றது இன்னொண்ணு. அதை யாருமே பேச மாட்டாங்க. தும்மினா, இருமினா, குழந்தையைத் தூக்கினா, நல்லா சிரிச்சா, ஒரு சொட்டு. எனக்கு ரெண்டாவதுக்கு அப்புறம் வந்தது. கல்யாண வீட்டுல வடிவேலு ஜோக்குக்கு எல்லாரும் உருண்டு உருண்டு சிரிக்கறப்ப நான் மட்டும் காலை இறுக்கிக்கிட்டு நிக்கிறேன். "பெத்தவளுக்கு அப்படித்தான்"னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. அப்படித்தான் இல்லைங்க. ஆர்னால்டு கீகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1948லேயே இதுக்குப் பயிற்சி எழுதி வெச்சுட்டார். இடுப்படித் தசையை, சிறுநீரையும் காத்தையும் அடக்குற மாதிரி உள்ளிழுத்து அஞ்சு எண்ணி விடணும், பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. போய்க்கிட்டு இருக்கும்போது செய்யக் கூடாது. மூணு மாசமாவது விடாம செஞ்சாத்தான் தெரியும். நான் குக்கர் விசில் எண்ணிக்கிட்டே செஞ்சேன், யாருக்கும் தெரியாது :-) அதுக்கும் சரியாகலைன்னா டாக்டர்கிட்ட போங்க, வெக்கப்பட்டுக்கிட்டு பேடு வாங்கியே காலத்தை ஓட்டாதீங்க.

சரி, இதெல்லாம் உடம்புப் பாடம். எனக்குக் கோவம் வேற இடத்துல.

எந்தப் பெண்கள் பத்திரிகையை எடுத்தாலும், எந்த டிவி டாக்டரைக் கேட்டாலும் "நிறைய தண்ணி குடிங்க". மூணு லிட்டராம். குடிச்சுட்டு எங்கே போறது? அதை யாராவது எழுதறாங்களா? துணிக்கடையில நிக்கிற பொண்ணு, பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மா, விடிகாலையில நம்ம தெருக் குப்பையை அள்ள வர்ற அக்கா, இவங்களுக்கெல்லாம் தண்ணி குடிக்கணும்னு தெரியாமலா இருக்கு? போக இடம் இல்லைன்னு தெரிஞ்சுதான் குடிக்காம இருக்காங்க. அறியாமை இல்லை அது, கணக்கு.

கோழிக்கோட்டுல மிட்டாய்த் தெருன்னு ஒரு கடைத்தெரு இருக்கு. அங்கே கடைகள்ல வேலை பார்த்த பெண்களுக்குப் போக இடமும் கிடையாது, உக்கார ஸ்டூலும் கிடையாது. தையல் வேலை பார்த்துக்கிட்டு இருந்த விஜிங்கிறவங்க அவங்களைச் சேர்த்து பெண்கூட்டுன்னு அமைப்பு ஆரம்பிச்சாங்க. எடுத்ததுமே சம்பளத்துக்குச் சண்டை போடலை, டாய்லெட்டுக்குத்தான் போட்டாங்க. அப்புறம்தான் உக்கார உரிமை. 2018ல கேரளாவுல அதுக்குச் சட்டத் திருத்தம் வந்துச்சு, அதே வருஷம் பிபிசியோட நூறு பெண்கள் பட்டியல்ல விஜி பேரும் வந்துச்சு. நம்ம ஊர்லயும் 2021ல கடைகள் சட்டத்தைத் திருத்தி, நிக்கிறவங்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு போட்டாங்க. நல்லது. அதே 2021ல, முதல்வர் போற வழியில பெண் போலீசை ரோட்டுல பந்தோபஸ்துக்கு நிறுத்த வேண்டாம்னும் சொன்னாங்க. மணிக்கணக்கா வெயில்ல நிக்கிறாங்க, போக இடமில்லைன்னு அப்பத்தான் பலபேர் வெளியில பேசினாங்க. பெண்களை அங்கேருந்து எடுத்துட்டாங்க, சரி. அந்த ரோட்டுல ஒரு டாய்லெட் வந்துச்சா?

"கட்டிக் கொடுத்தாலும் உங்களுக்கெல்லாம் சுத்தமா வெச்சுக்கத் தெரியாது"ன்னு ஒரு வாதம் வரும். எங்க ரங்கமணியே சொன்னார். கட்டினவங்க தண்ணி விட்டாங்களா, தாழ்ப்பாள் வெச்சாங்களா, குப்பைக்கூடை வெச்சாங்களா? மாசத்துல அந்த நாள்ல பேடைத் தாள்ல சுத்திக் கையில வெச்சுக்கிட்டு எங்கே போடறதுன்னு முழிச்சவங்களுக்குத்தான் அந்தக் கூடையோட அருமை தெரியும். கழுவுறதுக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்துப் போடாம, போறவங்க மேல பழி போட்டா எப்படி?

சரி, ஸ்கூல் கதைக்கு வர்றேன். இன்னும் மூணு அம்மாக்களைக் கூட்டிக்கிட்டு ஹெட்மிஸ்டிரஸைப் பார்த்தேன். நல்ல மனுஷி, மறைக்காம கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ஆறு ரூம். ஒண்ணு டீச்சர்களுக்குன்னு பூட்டு. ஒண்ணுல தண்ணி வரலை. மீதி நாலுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பொண்ணு உள்ள போனா இன்னொருத்தி கதவைப் பிடிச்சுக்கணும். மொத்த ஸ்கூலுக்கும் ஒரே ஆயாம்மா. கிளாஸ் நடக்கும்போது கேட்டா "இன்டர்வெல்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"ன்னு எல்லார் முன்னாடியும் கேள்வி.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். ரங்கமணி பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். பொண்ணுங்க 200 பேர். இன்டர்வெல் பத்து நிமிஷம். ரூம் நாலு. ஒருத்திக்கு 12 செகண்ட். பாவாடை நாடாவை அவிழ்க்கவே பத்தாதேன்னேன். மனுஷன் அதுக்கப்புறம் "வெச்சுக்கத் தெரியாது"ன்னு பேசலை. மறுநாள் அவரே ஹார்டுவேர் கடைக்குப் போய் ரெண்டு தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்தார்.

தாழ்ப்பாள் போட்டாச்சு. குழாய் ரிப்பேர் ஆகியிருக்கு. இன்டர்வெல்லை வகுப்பு வாரியா பிரிச்சு விடுங்க, கிளாஸ் நடுவுல கேட்டா கேள்வி கேக்காம அனுப்புங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கோம், 31 அம்மாக்கள் கையெழுத்து. அடுத்த மீட்டிங்ல பேசறேன்னு சொல்லியிருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை பஸ்ல ஏறும்போது நானே பாட்டிலைத் தொறந்து அவ முன்னாடி நாலு மடக்கு குடிச்சேன். பயந்துக்கிட்டேதான் குடிச்சேன்.

நேத்து சாயங்காலம் பையைத் தூக்கினேன், கனம் குறைஞ்சிருந்தது. பாட்டில்ல பாதிதான் இருக்கு. சந்தோஷத்துல கட்டிப் பிடிச்சேன். பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளை கொண்டு வர மறந்துட்டாளாம், அவளுக்குக் கொடுத்தாளாம் :-(