செங்காந்தளைப் பிடுங்கி எறிய வேண்டாம்



சென்ற வாரம் எங்கள் வீட்டு வேலியில் பூத்த செங்காந்தளைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "அழகு டீச்சர்" என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். "அது விஷமாச்சே, பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் எதற்கு? பிடுங்கிப் போடுங்கள்" என்று எழுதியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கட்சியில் என் நாத்தனாரும் உண்டு. எழுதியது போதாதென்று போனிலும் அரை மணி நேரம் பேசினார். ஆளுக்கொரு பதில் எழுத என் விரல் ஒத்துழைக்காது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

விஷம் என்பது உண்மை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கிழங்கு, விதை, தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். இதே பொருளைத்தான் அளந்து பிரித்தெடுத்து, யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலிக்கு மருந்தாகத் தருகிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விவசாயிகள் இதைப் பந்தல் போட்டு வளர்ப்பது அந்த விதைக்காகத்தான். அங்கே கேட்டால் செங்காந்தள் என்று சொல்ல மாட்டார்கள். கண்வலிக்கிழங்கு என்பார்கள். கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப் பூ என்பதும் இதே செடிதான்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வளர்க்கிறீர்கள் என்றால், என் பதில் இது. நம் வீடுகளைச் சுற்றி விஷச் செடிகள் இல்லாமல் இல்லை. அரளி நான்குவழிச் சாலையின் நடுவில் மைல் கணக்கில் நிற்கிறது, கோயில் நந்தவனத்திலும் நிற்கிறது. ஊமத்தை, எருக்கு இல்லாத தெரு உண்டா? அவற்றோடு நம் பெரியவர்கள் வாழ்ந்தது எப்படி? எது ஆகும், எது ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவைத்தார்கள். அந்தச் சொல்லிவைத்தல்தான் இப்போது குறைந்துபோய்விட்டது. பெயர் தெரியாத செடி என்றால் ஒன்று படம் எடுக்கிறோம், இல்லையென்றால் பிடுங்குகிறோம்.

பள்ளியில் வருடா வருடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலர் எது? வகுப்பே எழுந்து நின்று செங்காந்தள் என்று சொல்லும். ஒரு மதிப்பெண் கேள்வி, ஒருவரும் தவறவிட மாட்டார்கள். யாரெல்லாம் நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டால் ஒன்றிரண்டு கைதான் உயரும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்த பூ இது. அதை நம் பிள்ளைகள் புத்தகத்து அட்டைப் படமாக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே, இடமும் கவனமும் இருக்கிற வீடுகளில் இதை வளர்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

இடமும் கவனமும் என்று இரண்டும் சேர்த்துச் சொல்கிறேன். நாத்தனார் சொன்னதில் நியாயமான பங்கு இங்கேதான் இருக்கிறது. கண்டதை வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் இப்போது வேண்டாம். ஆடு, மாடு மேய்கிற வாசலில் வேண்டாம். குழந்தை சொன்னதைக் கேட்டு நடக்கும் வயது வரட்டும், அதுவரை காத்திருக்கலாம். என் பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறவர்கள். பார்க்கலாம், பறிக்கக் கூடாது, காயைத் தொடக் கூடாது என்பதை அவர்களே வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள்.

ஆசைப்படுகிறவர்களுக்கு வளர்க்கும் முறையைச் சொல்கிறேன்.

ஆனி, ஆடி மாதங்களில் நடுங்கள். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கிளையாக இருக்கும். முளை அதன் நுனியில்தான் வரும். நுனி உடைந்தால் அந்தக் கிளை முளைக்காது, அதனால் பூப்போல எடுத்து வையுங்கள். நான்கு விரல் ஆழத்தில் படுக்கை வசமாக வைத்து மூடினால் போதும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்த மண் நல்லது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். தொட்டியில் என்றால் அகலமான தொட்டியாக, அடியில் ஓட்டை உள்ளதாகப் பாருங்கள்.

இது கொடி. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் அதிசயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பற்றிக்கொள்ள நான்கு காய்ந்த மிலாறோ கம்பிவேலியோ இருந்தால் தானாக ஏறிவிடும். தண்டு முறியக்கூடியது, இழுத்துக் கட்ட வேண்டாம். மொட்டு விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். நாள் ஆக ஆக ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா நிறத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

பூ முடிந்ததும் பச்சைக் காய் பிடிக்கும். காய்ந்து வெடித்தால் உள்ளே சிவப்பு விதைகள் தெரியும். பிள்ளைகளின் கண் அதில்தான் போகும். விதை தேவையில்லை என்றால் காய் பிஞ்சாக இருக்கும்போதே கத்தரித்துவிடுங்கள்.

தை, மாசியில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். பலர் இங்கேதான் செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துக் குப்பையில் கொட்டுகிறார்கள். சாகவில்லை. பழைய கிழங்கு கரைந்து, புதுக் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு குச்சியில் பெயர் எழுதிச் செருகி வையுங்கள். அடுத்த மழைக்கு எழுந்து வரும்.

இனிச் சொல்வதை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். கிழங்கைத் தோண்டும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைக் கத்தி தொடக் கூடாது. தோண்டிய கிழங்கை வெங்காயக் கூடையில், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி வைக்கிற இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். இலங்கையில் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இதைச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து வேலியில் இருக்கும் பூவைவிட, பெயரெழுதாமல் வீட்டுக்குள் கிடக்கும் கிழங்கில்தான் அதிகம். தப்பித் தவறி யாராவது வாயில் வைத்துவிட்டால், வாந்தி வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியச் சில மணி நேரம் ஆகலாம். கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்னொரு வேண்டுகோள். கிழங்குக்காகக் காட்டோரத்திலோ குளக்கரைப் புதரிலோ தோண்டாதீர்கள். காட்டிலிருந்து தோண்டித் தோண்டித்தான் இது அரிதாகிக்கொண்டு வருகிறது. பயிர் செய்கிற விவசாயியிடம் விலை கொடுத்து வாங்குங்கள்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டார் மனம் தளர வேண்டாம். சம்பங்கிக் கிழங்கு நான்கு நட்டால் வாசலே மணக்கும். மழை லில்லி வையுங்கள், நல்ல மழை பெய்த சில நாளில் வெள்ளையும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதன் கிழங்கும் தின்பதற்கு ஆகாது, ஆகவே எட்டாத தொட்டியில் வையுங்கள்.

ஆன்லைனில் படம் பார்த்து ஆசைப்பட்டுப் பெரிய வெளிநாட்டு லில்லிக் கிழங்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றுக்குச் சில வாரமாவது நல்ல குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் சரி. நம் சமவெளி வெயிலில் முதல் வருடம் பூத்துவிட்டு, மறு வருடம் பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அதை வாங்கவே வேண்டாம். அந்த லில்லியின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். "அழகான பரிசுப் பொருள்" என்று விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

என் கொடி வேலியிலேயே இருக்கும். நாத்தனாருக்காக ஒன்று செய்திருக்கிறேன். "செங்காந்தள். மாநில மலர். நஞ்சு. தொடாதே" என்று தகரப் பலகையில் எழுதி மாட்டியாகிவிட்டது. கையெழுத்து கரும்பலகைக் காலத்து மாதிரியே இருக்கிறது என்கிறார் என் கணவர்.

இப்போது பள்ளிகளில் ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, உங்கள் ஊர்ப் பக்கம் இந்தப் பூ எங்கேனும் பூத்திருந்தால் பிள்ளைகளை அழைத்துப்போய் தூரத்தில் நின்றாவது ஒருமுறை காட்டுங்கள். உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். பெயர்களைத் தொகுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்