ஆர்.வி. குடித்தனம்: முதல்ல வாங்க வேண்டியது வாணலி இல்லை

"ஆர்.வி.யில் முழுநேரம் வாழத் தேவையான அத்தியாவசியப் பொருட்கள்" அப்படின்னு தேடிப் பாருங்க. ஐம்பது, நூறுன்னு பட்டியல் வந்து கொட்டும். மடக்கி வைக்கிற வடிகட்டி, மடக்கி வைக்கிற பக்கெட், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற பாத்திர செட், காந்தத்துல ஒட்டுற மசாலா டப்பா... பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா நான் பார்த்த பல பட்டியல்கள்ல கேஸ் கசிவைச் சொல்ற அலாரம் கடைசிப் பக்கத்துல கிடக்கும், இல்லேன்னா இருக்கவே இருக்காது. காரணம் ரொம்ப சிம்பிள். மசாலா டப்பா போட்டோவுக்கு நல்லா இருக்கும். அலாரம் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்.வி.ன்னா ஓட்டிட்டுப் போற மோட்டார் ஹோமும் உண்டு, பிக்கப் டிரக் இழுத்துட்டுப் போற டிரெய்லரும் உண்டு. விடுமுறைக்கு நாலு நாள் போறவங்களுக்கு எதை எடுத்துட்டுப் போனாலும் ஓடிடும். வீட்டை வித்துட்டோ, வாடகை கட்ட முடியாமலோ, வருஷம் முழுக்க அதுலயே இருக்கிறவங்க கதை வேற. 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் வண்டியே வீடுன்னு ஆன வயசானவங்களைப் பத்தி ஜெசிக்கா ப்ரூடர் 2017ல் "நோமேட்லேண்ட்"னு ஒரு புத்தகம் எழுதினாங்க. அந்த மாதிரி ஆளுங்க கையில இருக்கிற ஐநூறு டாலரை எதுல முதல்ல போடணும்? எனக்குக் கேள்வி அதுதான்.

என் கட்சி இது: ஒரு சாமான் ஆர்.வி. சமையலறைக்குள்ள வரணும்னா நாலு கணக்குக்குப் பதில் சொல்லணும். எடை, தண்ணி, கரண்ட், கேஸ். சொல்லலைன்னா அது அத்தியாவசியம் இல்லை, சுமை.

எடை

கதவுக்குப் பக்கத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். இந்த வண்டியில இத்தனை பவுண்டுக்கு மேல சாமான் ஏத்தாதேன்னு சொல்ற ஸ்டிக்கர். பாத்திரக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. டிரெய்லர்ல அது 1,000 பவுண்டுன்னு வச்சுக்குவோம். பெரிய எண்ணாத் தெரியும். ஆனா ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. 40 கேலன் டேங்கை நிரப்பினா 330 பவுண்டுக்கு மேல தண்ணிக்கே போச்சு. மூணுல ஒரு பங்கு காலி. மிச்சத்துல துணிமணி, போர்வை, கருவிப் பெட்டி, மளிகை எல்லாம்.

12 அங்குல வார்ப்பிரும்பு வாணலி ஒண்ணு சுமார் 8 பவுண்ட். ஒண்ணு வச்சுக்கலாம், தப்பில்லை. "செட்"டா வாங்காதீங்க. தட்டுக்குக் கனமான பீங்கான் வேண்டாம். 1970ல் கார்னிங் கம்பெனி கொண்டு வந்த கொரெல் தட்டுகள் மெல்லிசு, லேசு, அடுக்கினா இடமும் அடைக்காது. ஆளுக்கு ரெண்டு போதும். விருந்தாளி வந்தா? அவங்க தட்டை அவங்க கொண்டு வரட்டும். ஆர்.வி. பார்க்குல அப்படித்தான் பழக்கம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க :-)

நம்ம ஆளு யாராவது கிளம்பினா முதல் சண்டை வெட் கிரைண்டருக்காகத்தான் வரும். கல்லும் மோட்டாருமா 20 பவுண்டுக்குக் குறையாது. விட்டுடுங்க. மிக்ஸியில ஆட்டின இட்லிமாவு கொஞ்சம் சுமாரா இருந்தா குடி முழுகிடாது.

கரண்ட்

30 ஆம்ப் இணைப்பு இருக்கிற வண்டிக்கு 120 வோல்ட்ல மொத்தமே 3,600 வாட்ஸ். கோடை மத்தியானம் ஏசி ஓடுது, சுமார் 1,500. மைக்ரோவேவ் போட்டீங்க, இன்னொரு 1,500. பக்கத்துல இன்ஸ்டன்ட் பாட், 1,000. கூட்டுங்க, 4,000. டப்புனு பிரேக்கர் விழும். ஆக பட்டியல்ல சொல்ற ஏர் ஃப்ரையர், கெட்டில், டோஸ்டர், காபி மெஷின் எல்லாம் வாங்கி வச்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் ஓட்ட முடியும். அப்புறம் எதுக்கு நாலு?

இதே கரண்ட் விஷயத்துல பட்டியல்கள் கண்டுக்காத ஒரு சாமான், கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டுற சர்ஜ் ப்ரொடெக்டர். அதுலயும் வோல்டேஜ் குறைஞ்சா தானே துண்டிக்கிற ரகமா வாங்கணும். எல்லாரும் ஏசி போட்டிருக்கிற நாள்ல பழைய பார்க்குகள்ல வோல்டேஜ் இறங்கும். ஏசி கம்ப்ரஸரைக் கொல்றது அதுதான். விலை கொஞ்சம் கடிக்கும். ஏசி மாத்துற செலவோட ஒப்பிட்டுப் பாருங்க.

தண்ணி

உள்ளே வர்ற தண்ணிக்கு ரெண்டு சாமான். ஒண்ணு, குடிநீருக்குன்னே செய்த ஹோஸ். தோட்டத்துக்குப் பாய்ச்சுற ஹோஸ்ல குடிக்காதீங்க, அதோட பித்தளை முனையில ஈயம் இருக்கலாம். இன்னொண்ணு, அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர். வண்டிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் குழாய்க்கு 40, 50 பி.எஸ்.ஐ. போதும். சில பார்க்குல குழாயைத் திறந்தா அதுக்கு ரெண்டு மடங்கு அடிக்கும். ராத்திரி சிங்க்குக்கு அடியில குழாய் பிச்சுக்கிட்டா தரை மொத்தமும் ஊறிப்போகும்.

வெளியே போற தண்ணியைப் பத்தி யாருமே பேசறதில்லை. பாத்திரம் கழுவுற தண்ணி போறது ஒரு டேங்க், டாய்லெட் போறது இன்னொரு டேங்க். ரெண்டையும் நீங்கதான் காலி பண்ணணும், உங்க கையால. மூணு அங்குலக் கழிவு ஹோஸ், அதுக்குன்னு ஒரு பெட்டி கையுறை, சீக்கிரம் கரையுற டாய்லெட் பேப்பர். இதெல்லாம் முதல் நாளே வேணும். கழிவுக் குழாயில மாட்டியே இருந்தாலும் டாய்லெட் டேங்க் வால்வை மூடியே வைங்க, நிறைஞ்சதும் திறங்க. திறந்தே வச்சா தண்ணி மட்டும் ஓடிப்போய் கெட்டியானது அடியில மலையாக் குவிஞ்சுடும். அதுக்கு மேல விளக்க மாட்டேன், சாப்பிடுற நேரமா இருக்கலாம்.

சமையலறையில இதுக்கு ஒரு சின்னச் சாமான் உண்டு, எண்ணெய்ப் பாத்திரத்தைத் துடைக்கப் பழைய காகிதம். துடைச்சுட்டுக் கழுவினா தண்ணியும் மிச்சம், டேங்கும் நாறாது.

கேஸ்

இங்கேதான் உயிர் விஷயம் வருது. ப்ரொப்பேன் காத்தை விட சுமார் ஒன்றரை மடங்கு கனம். கசிஞ்சா தரையோட தரையாத் தேங்கும். அதனாலதான் அந்த அலாரத்தைத் தரைக்குப் பக்கத்துல வைக்கிறாங்க. கார்பன் மோனாக்ஸைடுக்குத் தனியா அலாரம் வேணும். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. பழைய வண்டி வாங்கினா ரெண்டையும் கழட்டிப் பின்னாடி இருக்கிற தேதியைப் பாருங்க. அலாரத்துக்கும் ஆயுசு உண்டு, தேதி தாண்டியிருந்தா அன்னிக்கே புதுசு. தீயணைப்பான் வாசல் கதவுக்குப் பக்கத்துல இருக்கட்டும். நிறைய வண்டிகள்ல படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவுலதான் அடுப்பு இருக்கும். அதனால அவசர ஜன்னலை ஒரு தடவை நிஜமாவே திறந்து வெளியே இறங்கிப் பாருங்க. காசே ஆகாத வேலை.

குளிருக்கு அடுப்பைப் பத்த வச்சு உட்காராதீங்க. மோனாக்ஸைடு ஒரு காரணம். இன்னொண்ணு, ஒரு பவுண்ட் ப்ரொப்பேன் எரிஞ்சா ஒன்றரை பவுண்டுக்கு மேல நீராவி வரும். அத்தனையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள. மெத்தைக்கு அடியில பூஞ்சை பிடிக்கிறதுக்கு வேற காரணமே தேட வேண்டாம். சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மேல இருக்கிற ஃபேனைப் போடணும். மூச்சு விடறதாலயும் ஈரம் சேரும்ங்கறதால குளிர்காலத்துக்கு ஒரு சின்ன டிஹ்யூமிடிஃபையர் இருந்தா நல்லது.

இந்த நாலு கணக்கையும் ஒண்ணாப் பாஸ் பண்ற பாத்திரம் எதுன்னு கேட்டா, சத்தியமா நம்ம ஊர் மூணு லிட்டர் பிரஷர் குக்கர்தான். கரண்ட் வேண்டாம். கேஸ் கம்மி. கீழ பருப்பு, மேல அரிசி, ஒரே அடுப்பு. ஆவி குறைவு. கழுவுறதும் கம்மி. இன்ஸ்டன்ட் பாட் வச்சிருக்கிற நண்பர்கள் அடிக்க வராதீங்க. கம்பத்துல கரண்ட் இருக்கிற வரைக்கும் அது நல்ல சாமான்தான். அரிசோனா பாலைவனத்துல அரசாங்க நிலத்துல போய் நிறுத்தினா அங்கே கம்பம் கிடையாது. 100 ஆம்ப்-அவர் பழைய ரக ஈய பேட்டரியில பாதியைத்தான் நல்லபடியா எடுக்க முடியும், சுமார் 600 வாட்-அவர். ராத்திரி விளக்கு, பம்ப், ஹீட்டர் ஃபேன் போக மிச்சத்துல அது எத்தனை சாதம் வடிக்கும்?

ஆக என் வரிசை இது. முதல்ல ரெண்டு அலாரம், தீயணைப்பான். அப்புறம் ரெகுலேட்டர், குடிநீர் ஹோஸ், கழிவு ஹோஸ், கையுறை, சர்ஜ் ப்ரொடெக்டர். வண்டியைச் சமமா நிறுத்தப் பலகைக் கட்டைகள், சக்கரத்துக்கு ஆப்பு. அதுக்கப்புறம் குக்கர், ஒரு வாணலி, ஒரு கத்தி, ஒரு பலகை, ரெண்டு கரண்டி. அலமாரியில விரிக்க வழுக்காத விரிப்பு. துணி துவைக்கிற கடைக்குக் கால் டாலர் காசு ஒரு டப்பா. மடக்கு வடிகட்டியெல்லாம் ஒரு மாசம் வாழ்ந்து பார்த்துட்டு வாங்கலாம். கடை எங்கேயும் ஓடிப்போகாது.

இவ்வளவு கறாராச் சொல்லிட்டு ஒரு விதிவிலக்கும் சொல்லணும். அந்தப் புத்தகத்தை வச்சு க்ளோயி ஜாவ் எடுத்த படம் 2020ல் வந்தது, 2021ல் ஆஸ்கரும் வாங்கிச்சு. அதுல ஃபெர்ன் ஒரு வேன்லதான் வாழறா, ஆர்.வி. அளவுக்குக்கூட இடம் இல்லை. ஆனா அப்பா கொடுத்த பழைய பீங்கான் தட்டுகளை விடாம வச்சிருப்பா. உடைஞ்சப்ப தூக்கிப் போடலை, பசை போட்டு ஒட்டுவா. எடைக் கணக்குல அது ஃபெயில். எல்லாக் கணக்குலயும் ஃபெயில்.

இருந்தாலும் நான் அதுக்கு இடம் கொடுப்பேன். வீட்டை விட்டு வந்தவங்களுக்கு, இது என் வீடுன்னு சொல்ல ஒரு உபயோகமில்லாத பொருளாவது வேணும். அம்மாவோட டவராவோ, கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளரோ. ஒண்ணே ஒண்ணு. துணியில சுத்தி, கீழ் அலமாரியில வைங்க, மேல வச்சா முதல் வளைவுலயே விழும்.

உங்க ஒண்ணு எதுன்னு சொல்லிட்டுப் போங்க.