கடைசி மாற்றும் கைவிட்டுப்போன பந்தயப் பணமும்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்; பந்தயத்தில் தோற்றவன் சொல்லும் அப்படித்தான். உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால், அலுவலகங்களிலும் நண்பர் குழாம்களிலும் ஆளுக்கொரு தொகை போட்டு, வெல்லும் அணியை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, சரியாகச் சொன்னவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தோற்றவர்கள் உடனே வைவது பந்தை வெளியே உதைத்த ஆட்டக்காரரை. அதற்கு முன், கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளரின் கணக்கைப் புரட்டிப் பார்க்கவேண்டும் என்பது எம் கட்சி.

2006 ஜூன் 30, பெர்லின். கால் இறுதி ஆட்டம். 49ஆம் நிமிடத்தில் அயாலா தலையால் முட்டிய கோலால் அர்ஜென்டீனா ஜெர்மனியை முந்தியது. கோல்கீப்பர் காயமுற்றதால் 71ஆம் நிமிடத்தில் ஒரு மாற்று செலவாயிற்று. அது விதியின் வேலை. மறு நிமிடமே பயிற்சியாளர் ஹொசே பெக்கர்மன், ஆட்டத்தின் மூளையாக இருந்த ரிக்கெல்மேயை வெளியே அழைத்து காம்பியாசோவை இறக்கினார். 79இல் கிரெஸ்போவுக்குப் பதில் ஹூலியோ குரூஸ். அன்றைய விதிப்படி மூன்று மாற்றுகளும் தீர்ந்தன. 80இல் குளோசே சமன்செய்தார். 19 வயது மெஸ்ஸி கடைசிவரை பெஞ்சிலேயே இருந்தார். பெனால்டி உதைகளில் ஜெர்மனி 4-2 என வென்றது. அர்ஜென்டீனாவின் பெயரை எழுதிக்கொடுத்தவர்களின் பணம் அத்தோடு போயிற்று.

இருக்கும் கோலைக் காக்கவே ரிக்கெல்மே வெளியேற்றப்பட்டார். ஆனால் ஆட்டம் சமனானால் திருப்பி அடிக்கும் வழி என்ன என்ற கேள்விக்கு அதன்பின் விடையில்லை. நிதானம் என்ற வேடம் பூண்டு வந்த சூதாட்டம் என்றே அதை நாம் கொள்கிறோம். பையிலிருக்கும் கடைசிக் காசைச் செலவழிப்பவன், மறுநாள் மழை பெய்யாது என்று பந்தயம் கட்டுகிறவன்.

மாறாக, 2014 ஜூலை 5 அன்று நெதர்லாந்தின் லூயி வான் கால் செய்ததை நோக்குங்கள். கோஸ்டா ரிக்காவுக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரம் முடியும்வரை கோலின்றி நீண்டது. ஒரு மாற்றைக் கடைசிவரை பொத்திவைத்திருந்து, பெனால்டிக்கென்றே டிம் குருல் என்ற மாற்றுக் கோல்கீப்பரை இறக்கினார். குருல் இரண்டு உதைகளைத் தடுத்தார். மேதை என்று உலகம் கொண்டாடியது. நான்கு நாள் கழித்து, அரையிறுதியில் அர்ஜென்டீனாவுடன் மீண்டும் பெனால்டி. இம்முறை மூன்று மாற்றுகளும் முன்னரே தீர்ந்திருந்தன. குருலை இறக்க வழியில்லை. நெதர்லாந்து 2-4 எனத் தோற்றது. அதே பயிற்சியாளர், அதே கோல்கீப்பர்கள். கையிருப்பு மட்டும் வேறு.

இத்தகைய கணக்குக்குப் பணத்தைவிடப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது 2021 ஜூலை 11 அன்று. வெம்பிளியில் நடந்த யூரோ இறுதியாட்டத்தில், இங்கிலாந்தின் கேரத் சவுத்கேட், ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் 120ஆம் நிமிடத்தில் பெனால்டி உதைப்பதற்காகவே களமிறக்கினார். உடல் சூடேறக்கூட நேரமில்லை. ஒருவரது பந்து கம்பத்தில் பட்டது. மற்றவரதை இத்தாலியின் டோன்னரும்மா தடுத்தார். ஐந்தாவது உதை 19 வயது சாகாவுக்குப் போயிற்று, அதுவும் தடுக்கப்பட்டது. உதைப்பவர்களைத் தேர்ந்தது தாமே, பொறுப்பும் தம்முடையதே என்று சவுத்கேட் வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் இனவெறி வசை பாய்ந்தது அந்தக் கறுப்பின இளைஞர் மூவர் மீதுதான். முடிவை எடுத்தவர் ஒருவர், அடிபட்டவர் வேறொருவர்.

துணிவு கூடாதென்று நாம் சொல்லவில்லை. துணிந்த முடிவு தோற்றாலும் சரியான முடிவாக இருக்கக்கூடும். கோழை முடிவு வென்றுவிடவும் கூடும். அந்த நிமிடத்தில் என்ன தெரிந்திருந்தது, தவறினால் மிச்சம் என்ன இருந்தது என்ற இரண்டு கேள்விகளே உரைகல். பெனால்டியில் முடிந்த ஆட்டத்தை விதிநூல் சமன் என்றே கொள்கிறது; பந்தயக் குழு அதை எப்படிக் கொள்ளும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தால் பாதிச் சண்டை ஓயும். மீதிச் சண்டைக்கு ஒன்றே மருந்து. ஓர் அணியின் பெயரை எழுதிக்கொடுக்கும்போது, அதன் பயிற்சியாளரின் இயல்பின் மீதும் சேர்த்தே பணம் வைக்கிறோம். அதை அறிந்தே வைத்தவர், பந்தை உதைத்த பிள்ளையை ஏசத் துணியார்.