தடுமாறும் பேச்சும் பேச்சே

திருவள்ளுவர் திருக்குறளில் ‘சொல்வன்மை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ‘கேள்வி’ எனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். திருத்தமாகப் பேசுவோரை நாம் போற்றுகிறோம். தடுமாறிப் பேசுவோரைப் பொறுமையுடன் கேட்கிறோமா? பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவை எழுப்புகிறது.

அவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டிக் கிளார்க். 1957 முதல் நாடெங்கும் ஒளிபரப்பான இசை நிகழ்ச்சியொன்றைப் பல்லாண்டுகள் நடத்தினார். 1972இல் தொடங்கிய புத்தாண்டு இரவு நிகழ்ச்சி அவர் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2004 டிசம்பரில், தம் 75ஆம் வயதில், அவர் பக்கவாதத்திற்கு ஆளானார். அவ்வாண்டு நிகழ்ச்சியை வேறொருவர் நடத்தினார். நடக்கவும் பேசவும் மீண்டும் பயின்ற கிளார்க், 2005 டிசம்பர் 31 அன்று திரையில் தோன்றினார். சொற்கள் குழறின. எனினும், இளையவரான ரயன் சீக்ரெஸ்டுடன் பணியைப் பகிர்ந்துகொண்டு, புத்தாண்டு பிறக்கும் நொடிகளை எண்ணினார். 2012 ஏப்ரலில் மறையும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை.

அவரைக் கண்டு சிலர் வருந்தினர். ஓய்வு பெற்றிருக்கலாம் என்றனர். தெளிவான பேச்சு தொகுப்பாளருக்கு இன்றியமையாதது என்பது உண்மையே. ஆயினும் அவர் திரும்பியதே நன்று என்பது என் கருத்து. பணியைப் பகிர்ந்துகொண்டதால் நிகழ்ச்சி குறைவுபடவில்லை. பக்கவாதத்தால் வீட்டில் முடங்கியிருந்தோர், தம்மைப் போன்ற ஒருவரைத் திரையில் கண்டனர்.

கேரளத்திலும் இதற்கு நெருங்கிய நிகழ்வு உண்டு. நடிகர் ஜகதி ஸ்ரீகுமார் 2012 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் நேர்ந்த சாலை விபத்தில் படுகாயமுற்றார். பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் 2022இல் வெளிவந்த ‘சிபிஐ 5’ திரைப்படத்தில், தாம் முன்பு ஏற்ற விக்ரம் என்னும் பாத்திரமாகவே அவர் தோன்றினார்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. சிலருக்கு நாவின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு வேண்டிய சொல் நினைவில் எழுவதில்லை. பேச்சுக் குழறுவதால் ஒருவரை அறிவு மங்கியவர் எனக் கருதுதல் தவறு. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

மாணவர்களே! மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் தமிழ் மட்டுமே பேசும் தாத்தா பாட்டியர் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் நோயுற்றால், மருத்துவமனையில் ஒலிக்கும் மொழி மலையாளம். இரு மொழியும் அறிந்த நீங்களே அங்கே பாலம். பாட்டி ஒரு சொல்லைத் தேடும்போது அதனை முந்திக்கொண்டு கூறாதீர்கள். காத்திருங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ எனத் தலையசைத்து விடை கூறத்தக்க வினாக்களைக் கேளுங்கள். அவர் நாள்தோறும் வழங்கிய தமிழ்ச் சொற்களைப் பயிற்சியாளருக்கு எடுத்துரையுங்கள். நீங்கள் கற்கும் தமிழுக்கு இதனினும் பெரிய பயன் வேறுண்டோ?

சொற்பொருள்
சொல்வன்மை – பேச்சாற்றல்
குழறுதல் – தெளிவின்றி ஒலித்தல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

சிந்தித்து எழுதுக
1. டிக் கிளார்க் மேடைக்குத் திரும்பியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. பேச இயலாத பாட்டியிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என விடை பெறத்தக்க ஐந்து வினாக்களை எழுதுக.