கணினியும் கைப்பழக்கமும்

குற்றாலத்தில் சாரற் காலம் தொடங்கியதும் பேரருவியின் முன் மக்கள் திரளுவர். முதன்முறையாக வருபவர் சிலர் நீர் விழும் விரைவையும் ஓசையையும் கண்டு அஞ்சி ஒதுங்கி நிற்பர். பழகியவர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றால் சிறிது நேரத்தில் அவ்வச்சம் நீங்கும். பின்னர் அவரை அருவியினின்று வெளியே அழைப்பதே அரிதாகிவிடும். கணினியின் முன் முதன்முதலாக அமர்பவர் நிலையும் இத்தகையதே. அறிவுக் குறைவைவிட அச்சமே அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

முற்காலத்தில் எழுத்தறியாதவர் ஒரு கடிதம் எழுதவும் படிக்கவும் பிறரை நாடினர். தம் வீட்டுச் செய்திகளை அயலாரிடம் சொல்ல நேர்ந்தது. இன்று வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பதும், நிலத்தின் பட்டாவைப் பார்ப்பதும், தேர்வு முடிவை அறிவதும், தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்வதும் கணினி வழியே நடைபெறுகின்றன. இவற்றைத் தாமே செய்ய அறியாதவர் தம் ஆதார் எண்ணையும், சில வேளைகளில் வங்கிக் கடவுச்சொல்லையும் பிறர் கையில் ஒப்படைக்கின்றனர். நல்லவர் கையில் சேர்ந்தால் கேடில்லை. தீயவர் கையில் சேர்ந்தால் வாழ்நாட் சேமிப்பே போய்விடும். ஆதலின் கணினிப் பயிற்சி, ஒருவர் தம் பொருளையும் மானத்தையும் காத்துக்கொள்ளும் வழியாகும்.

கணினி பெருநகரத்தார்க்கும் பட்டம் பெற்றோர்க்குமே உரியது என்பர் சிலர். தென்காசி வட்டாரமே அவர்க்கு மறுமொழி கூறும். 2011ஆம் ஆண்டில் ஸோஹோ நிறுவனம் இங்குத் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. வயல் சூழ்ந்த மத்தளம்பாறையில் அமர்ந்து இளைஞர்கள் உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களை உருவாக்குகின்றனர். அந்நிறுவனம் 2004ஆம் ஆண்டில் ஏற்படுத்திய பயிற்சிப் பள்ளி, கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞரையும் சேர்த்துக் கற்பிக்கிறது. மென்பொருள் படைக்கும் அருங்கலைக்கே ஊரும் பட்டமும் தடையாகவில்லை எனில், ஒரு விண்ணப்பம் நிரப்பும் எளிய பயிற்சிக்கு அவை எங்ஙனம் தடையாகும்?

புதிதாகக் கற்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறிய முயலுதல் கூடாது. கணினியை இயக்குதல், முறைப்படி நிறுத்துதல், சுட்டியை நகர்த்துதல், நான்கு வரி எழுதுதல், எழுதியதைப் பெயரிட்டுச் சேமித்தல், சேமித்ததை மீண்டும் தேடி எடுத்தல் என்னும் இவையே முதற்பாடங்கள். இவற்றுள் இறுதியானது கைவந்தால் அச்சத்திற் பெரும்பகுதி அகலும். கடவுச்சொல்லைப் பிறர்க்கு உரைக்கலாகாது என்பதையும் அப்பொழுதே பழக வேண்டும்.

ஆங்கிலம் அறியாமையும் தடையன்று. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை அமைந்தது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும், ககரம் முதலியவை பெரும்பாலும் வலப்புறமும் உள்ளன. ‘க’வை அடுத்து ‘ஆ’வை அழுத்தினால் ‘கா’ தோன்றும். ‘க’வை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமைந்து ‘க்க’ ஆகும். தொடக்கப் பள்ளியில் கற்ற உயிர்மெய் இலக்கணமே இங்குத் துணை நிற்கிறது.

கைப்பேசி இருக்கையில் கணினி எதற்கு என வினவுவாரும் உளர். காண்பதற்கும் பேசுவதற்கும் கைப்பேசி போதும். நீண்ட கடிதம் எழுதவும், வரவு செலவுகளை வரிசைப்படுத்திக் கணக்கிடவும், ஆவணங்களை ஒழுங்குற அடுக்கி வைக்கவும் கணினியே ஏற்றது.

2011ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் தமிழ்நாட்டரசு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றால் பயன்பெற வேண்டியவர் மாணவர் மட்டுமல்லர். வீட்டிலுள்ள தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியுமே. பெரியவர் தடுமாறும்போது அவர் கையிலிருந்த சுட்டியை வாங்கித் தாமே செய்து முடிக்கும் இளைஞர், அன்றைய வேலையை முடிக்கின்றனர். ஆனால் பெரியவரை மறுநாளும் பிறரை எதிர்பார்க்க வைக்கின்றனர். பொறுமையுடன் அருகில் இருந்து, பிழை செய்யவிட்டு, அவரே திருத்திக்கொள்ள உதவுவதே கற்பித்தலாகும். அருவிக்கரை வரை ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லலாம். நீராடுதல் அவரவர் செயலன்றோ?